பாக்குக் கொழுந்து முட்டை

அண்ணி,

இன்று காலை ஈப்போ பாசாரில் ஒரு ஒராங் அஸ்லிப் பழங்குடிப் பெண் தரையில் சாக்கை விரித்துப் பாக்குக் கொழுந்து விற்றுக்கொண்டிருந்தாள். நுனி சுருண்ட, ஈரம் காயாத கொழுந்து. ஒன்றை எடுத்து ஒடித்தேன். ஆற்று மண் வாசமும் விரலில் ஒட்டிய வழுவழுப்பும் சேர்ந்து என்னை அங்கேயே நிறுத்திவிட்டன. “வேணுமா, வேணாமா?” என்று அவள் மலாயில் கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது. இரண்டு கட்டு வாங்கி வந்தேன்.

வீட்டில் முட்டையை உடைத்து ஊற்றிய பிறகு குழப்பம். கொழுந்தை முதலில் வெந்நீரில் போட்டு எடுப்பீர்களா, இல்லை அப்படியே குவாலிச் சட்டியில் போடுவீர்களா? எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இதுகூட நினைவில்லை. உங்களைப் பற்றி எனக்கு என்னதான் தெரியும் என்று ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் எங்கள் லய வீட்டுக்கு வந்தது ரப்பர் மரங்கள் இலை கொட்டுகிற மாசியில். எழுபதுகளின் நடுப்பகுதி. சிலிம் ரிவரிலிருந்து உள்ளே போக வேண்டிய தோட்டம். ஈப்போவில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன், அங்கேயே உங்களைப் பார்த்துப் பிடித்துப்போய், பதிவுத் திருமணம் செய்து கூட்டி வந்துவிட்டார். உங்கள் வீட்டார் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் அம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தனக்கு மட்டும் தனியாக ஒரு பானையில் சோறு வடித்துக்கொண்டாள்.

இலை கொட்டினால் ரப்பர் பால் குறையும்; தோட்டத்தில் எல்லார் வீட்டுக் குழம்பும் தண்ணீராகும். அப்புறம் ஒரு மழை பெய்து மரங்கள் செம்பு நிறத்தில் துளிர்க்கும். அந்த வாரம்தான் ஆற்றோரமெல்லாம் பாக்குக் கொழுந்து தலைநீட்டும்.

“அண்ணி, பாக்கு பறிக்கப் போலாம், வாரீங்களா?”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உடனே கிளம்பினீர்கள். ஆற்றோரம் வந்ததும் அண்ணாந்து பார்த்தீர்கள்.

“எங்க புள்ளே? பாக்கு மரம் ஒண்ணுகூட இல்லியே?”

நான் சிரித்த சிரிப்பில் கால் வழுக்கித் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். இது வெற்றிலையோடு போடுகிற பாக்கு இல்லை, மலாய்க்காரர்கள் இந்தப் பெரணிக் கொழுந்துக்கு வைத்த பெயர் என்று சொன்னதும் நீங்களும் சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினீர்கள். உங்களிடம் நான் ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

கொழுந்தை எப்படிச் சமைப்பது என்று உங்களுக்குத் தெரியாது. முட்டை என்றால் எண்ணெய் காயவைத்து மொறுமொறுவென்று பொரிப்பதுதான் எங்களுக்குத் தெரியும். நீங்கள் முட்டையில் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு கரண்டி விட்டு நுரைக்க அடித்தீர்கள். வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கிப் போட்டு, மிளகைத் தட்டிப் போட்டு, எண்ணெயைப் பெயருக்குத் தடவி, மூடி போட்டு வேகவைத்தீர்கள். திறந்தால் மெத்தென்று உப்பி நின்றது. அதற்குள் கொழுந்துகள் சுருள் சுருளாக.

“வயித்துல கனக்காது அத்தே. ஒரு வாய் சாப்ட்டுப் பாருங்க.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மறுநாள் பால் வெட்டு முடிந்து நாம் திரும்பியபோது மூடி வைத்திருந்த துண்டைக் காணோம். “பூனை தின்னுருக்கும்” என்றாள் அம்மா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அதற்கடுத்த முறை செய்தபோது பூனைக்கென்றே பெரிய துண்டாக எடுத்து வைத்தீர்கள்.

சில வருடம் கழித்து அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலை என்று கிளம்பினார். தங்குவது ஜொகூரில். முதலில் மாதாமாதம் வந்தார். பிறகு தீபாவளிக்கு மட்டும். பிறகு அதுவும் இல்லை. அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று, கூட வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு உங்கள் மர நிரைக்குப் போனீர்கள். அன்று ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் விடவில்லை.

அடுத்த வாரம், “ஈப்போவுக்குப் போயிட்டு வாரேன்” என்று ஒரு பையோடு கிளம்பினீர்கள். நாள்கள் போயின. நீங்கள் வரவில்லை. “போனவ போனவதான்” என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பெற்ற வீட்டுக்குப் போனவள் எதற்காகத் திரும்பி வரவேண்டும்?

ஆனால் ஒரு மத்தியானம் வாசலில் நின்றீர்கள். கால் வீங்கியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, “முட்ட இருக்கா புள்ளே?” என்றீர்கள். அதே முட்டைதான், அன்று கொழுந்து இல்லாமல். அம்மா அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழவந்ததிலிருந்து முதல்முறையாக உங்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்டாள்.

“பாத்தியா அவன?”

“வருவாரு அத்தே.”

அவ்வளவுதான். அம்மா தட்டை உங்கள் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டாள். அவள் மனம் ஆறட்டும் என்று சொன்ன பேச்சு என்றே நான் நினைத்தேன். நீங்கள் ஈப்போவில் உங்கள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்ததாகவே நம்பினேன். நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அம்மா வருடக்கணக்காகக் காத்திருந்தாள். எண்பதுகளில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நாம் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்குக் குடிவந்தபோது, “அவன் வந்தா வீடு தெரியாம நிப்பானே” என்று லாரியில் ஏற மறுத்தாள். தோட்டத்துக் கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சொன்ன பிறகே ஏறினாள். நீங்களும் நானும் சட்டை தைக்கிற ஃபேக்டரியில் சேர்ந்தோம். நான் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனேன். நீங்கள் அம்மாவோடு இருந்தீர்கள். உங்கள் தம்பி வந்து கூப்பிட்டபோதும், “அத்தைய யாரு பாக்கறது லா?” என்று சிரித்தே அனுப்பிவிட்டீர்கள்.

அம்மா இறந்த காலையில் உங்களிடம் ஓடி வந்தேன்.

“அண்ணி, அண்ணனுக்குச் சொல்லணுமே. எங்க இருக்காருன்னு ஏதாச்சும் தெரியுமா?”

“எனக்கு எப்புடித் தெரியும்?”

தலையைத் திருப்பாமல்தான் சொன்னீர்கள். அப்போது அதை நான் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தார்.

இந்த வருடம் உங்களையும் அடக்கம் செய்துவிட்டு, உங்கள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. “அக்கா இல்லீங்களா?” என்றது ஒரு பெண் குரல். அவங்க தவறிட்டாங்க என்றேன். மறுமுனையில் ஒரு விசும்பல். யார் பேசுவது என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜொகூரிலிருந்து ஒரு பெண் உங்கள் வீடு தேடி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணனுடைய நெற்றி. உள்ளே வரச் சொன்னேன்.

“அத்தே, அன்னிக்குப் போன்ல பேசுனது எங்கம்மா. தீபாவளிக்குத் தீபாவளி ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்கு எதுவும் தெரியாது என்றேன். அவள் உட்கார்ந்து, தன் அம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள்.

“நான் அப்போ அம்மா வயித்துல இருந்தேனாம். தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. எழுந்து நிக்க முடியல. ஒருநாள் அவங்க ஜொகூருக்கே வந்து எங்க வாசல்ல நின்னாங்க. அப்பா வாயத் தொறக்கறதுக்குள்ள ஓங்கி ஒண்ணு விட்டாங்களாம். அக்கம்பக்கமே பாத்துச்சாம். அப்புறம் படுத்திருந்த அம்மாவப் பாத்தாங்க. பின்பக்கம் போயி, வாய்க்கா ஓரமா மொளச்சிருந்த கொழுந்த ஒடிச்சிக்கிட்டு வந்து முட்ட பண்ணிக் குடுத்தாங்க. அதுதான் மொதமொதல்ல அம்மா வயித்துல தங்குச்சாம்.”

“எத்தன நாளு இருந்தாங்க?”

“அம்மா எழுந்து நடமாடற வரைக்கும். தெனமும் அந்த முட்டதான். அப்பாவுக்கு மட்டும் குடுக்க மாட்டாங்களாம். அவரு வெறுஞ்சோத்தத் தின்னுட்டு வேலைக்குப் போனாராம்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த நிமிடம் அழுகிறேனா கோபப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவுக்குப் பிறகு அண்ணனும் இறந்து பல வருடம் ஆகிவிட்டதாம். பாட்டியைப் பார்க்க வரவேண்டும் என்று சொல்வாரா என்று கேட்டேன். “சொல்லுவாரு. அப்புறம், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறதுன்னு அவரே சொல்லிக்குவாரு” என்றாள்.

அண்ணி, எனக்குப் புரியவே இல்லை. அன்று அம்மாவிடம் நீங்கள் சொன்ன ‘வருவாரு’ அண்ணன் உங்களுக்குக் கொடுத்த வாக்கா, நீங்களாகக் கட்டிய பேச்சா? அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தபோது உங்களால் எப்படிச் சும்மா இருக்க முடிந்தது? வீடு தெரியும், போனில் பேச ஆளும் உண்டு. பிறகு ஏன் அம்மாவின் சாவைக்கூட அவருக்குச் சொல்லாமல் விட்டீர்கள்? அன்று அவருக்கு விட்ட அறை போதவில்லை என்றா? இல்லை, சொல்லியும் அவர் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயமா? ஒரு நாள் உங்கள் மேல் ஆத்திரமாக வருகிறது. மறுநாள், ஏதோ ஒரு வீட்டில், உங்கள் வாழ்க்கையைப் பறித்தவளுக்குப் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் உங்களை நினைத்தால் அந்த ஆத்திரம் நிற்பதில்லை. இரண்டில் எது சரி என்று சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான்.

கிளம்புகிற நேரத்தில் அந்தப் பெண் உங்கள் படத்துக்கு முன்னால் தயங்கி நின்றாள்.

“அத்தே, அம்மா எப்பவும் அக்கான்னுதான் சொல்வாங்க. நான் இவங்கள என்னான்னு கூப்புடணும்?”

அதற்கு மட்டும் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“பெரியம்மான்னு கூப்புடு.”

அவள் கூப்பிட்டாள். மெதுவாக, ஒரே ஒரு தடவை.

இப்போது அடிக்கடி போன் செய்கிறாள். “பெரியம்மா பத்தி இன்னும் ஏதாச்சும் சொல்லுங்க அத்தே” என்கிறாள். ஆற்றங்கரையில் நீங்கள் அண்ணாந்து பார்த்ததைச் சொன்னேன். பூனைக்குத் துண்டு வைத்ததைச் சொன்னேன். தெரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தெரியாததெல்லாம் என்னிடமே இருக்கிறது.