பெருவாய்ச் சுறாவின் தாடை

போடிநாயக்கனூர்
14.9.1985

மகன் அழகுமலைக்கு அப்பா கன்னையன் எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கேட்கவில்லை, ஆனாலும் அதை முதலில் எழுதுவதுதான் முறை. கடிதத்தின் தலைப்பில் எஸ்டேட் பெயர் இல்லாததைக் கவனித்திருப்பாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சித்திரையில் நீ கொச்சியிலிருந்து அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. ஆறு வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் தபால். அதற்குள் மீன் தாடைத் துண்டு. ஊரான் மகன் சேலை அனுப்புறான், வேட்டி அனுப்புறான், இந்தாளு மகன் எலும்பு அனுப்பியிருக்கான் என்று பக்கத்து வீட்டு ராக்கு சிரித்தாள். சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்துதான் என்று அவளுக்குச் சொன்னேன். புத்தகத்தில் படித்தது.

பார்சலோடு வந்த உன் கடிதமும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆழ்கடலில் போட்ட வலையில் மூன்று ஆள் நீளத்துக்கு ஒரு சுறா ஏறியது, ஒரு ஆள் உள்ளே உட்காரலாம் போல வாய், ஆனால் பல் நெல்மணி அளவு, வயிற்றில் வெறும் கூனி இறால், கப்பலில் யாருக்கும் பெயர் தெரியாததால் விலைபோகாது என்று திரும்பக் கடலில் தள்ளச் சொன்னார்கள், நீ இந்தத் துண்டை மட்டும் அறுத்து வைத்தாய் என்று எழுதியிருந்தாய். அதை எனக்கு ஏன் அனுப்பத் தோன்றியது என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து சந்தைக்கு இறங்கியபோது போடி நூலகத்தில் இதைச் சொன்னேன். அங்கே பேப்பர் படிக்க வரும் காசிமாயன் விடவில்லை. ஏண்ணே, நாம படி கணக்குல வாங்குற கூனியத் தின்னு அம்புட்டுப் பெரிய சுறா வளருமாக்கும், உம்ம மகன் நல்லாக் கதை விடுறான் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய பேப்பர் கடையில் இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கிளறினேன். அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் இதே மீன் சிக்கியிருக்கிறது. போன வருஷம் இன்னொன்று. உலகத்திலேயே அந்த இரண்டுதானாம். பெருவாய்ச் சுறா என்று நானே தமிழில் பெயர் வைத்து, பத்திரிகையில் இருந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தில இருக்கது இருக்கட்டும், உம்ம மகன் பார்த்ததுக்கு என்ன அத்தாட்சி என்றான் காசிமாயன்.

தாடையைக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால், மலையில் ஆடிச் சாரல். தாடையில் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. காய வைப்பது என்றால் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், சூட்டுக்குழாய்க்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். மரம் போலக் காய்ந்தது. பச்சை மாறாமல் காயும் காய்ந்தது. வாசனைதான் மாறிப்போனது. ஏலத்துக்குப் போன மூட்டையைப் பிரித்து முகர்ந்த வியாபாரி, இது காயா கருவாடா என்று கேட்டானாம். முதலாளி பெரியகருப்பன் என்னைக் கூப்பிட்டு, தெரியாமச் செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும், விட்டுடுறேன் என்றார். தெரிந்துதான் செய்தேன், என் மகன் பொய் சொல்லாதவன் என்பதற்காகச் செய்தேன் என்றேன். போகச் சொன்னார். வந்துவிட்டேன். இதில் என் மேல் தப்பு ஒன்றும் இல்லை.

பெட்டியோடு நேராக நூலகத்துக்குத்தான் போனேன். காசிமாயன் அந்தப் பல் வரிசையைத் தடவிப் பார்த்தான். பிறகு, நெசந்தாண்ணே, மகன் எப்ப வர்றான் என்று கேட்டான். தாடையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறேன். காலையில் ஜீப்புகள் தோட்ட வேலை ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் போடிமெட்டுக்குப் போகும், சாயங்காலம் இறங்கும். பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தச் சுறாவும் கூனிக்குப் பின்னால் ராத்திரி மேலே வந்து, விடிந்தால் ஆழத்துக்குப் போய்விடும்போல என்று உன் கப்பலில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதுவும் பிழைப்புக்குத்தான் ஏறி இறங்குகிறது. அவ்வளவு பெரிய கடலில் தன் இனத்தில் இன்னொன்றை எங்கே போய்த் தேடும் என்று நினைத்துக்கொள்வேன். உன் அம்மா மருதாயி இருந்திருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன்.

நீ கிளம்பிய அன்று, இந்த மலையை விட்டு இறங்குகிறவன் திரும்ப ஏற வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அதை மாற்ற மாட்டேன். ஆனால் நான் சொன்னது மலையைப் பற்றி. நான் இப்போது அடிவாரத்தில் இருக்கிறேன்.

மூணாறு பஸ்சில் வராதே. அது மலையேறித்தான் இறங்கும். பாலக்காடு சுற்றி ரயிலில் மதுரைக்கு வா. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் இருக்கிறது. ஸ்டேஷனில் விசாரித்துவிட்டேன். சுற்றுவழிதான், ஆனால் எங்கேயும் நீ மலையேற வேண்டியதில்லை.

தாடையைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். எது மேல்பக்கம், எது கீழ்பக்கம் என்று தெரியவில்லை. பார்த்தவன்தான் வந்து சொல்ல வேண்டும்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் அப்பா
கன்னையன்