ஒன்பதாவது வரியில் உங்கள் பெயர்

அக்கா,

இன்று காலை கராஜில் சாஃப்ட்பால் பையின் ஜிப்பை இழுத்ததும் முதலில் வந்தது உங்கள் யூக்கலிப்டஸ் எண்ணெய் வாசம்தான். ஒரு வருடத்துக்கு மேல் மூடியே கிடந்த பை. கையுறைத் தோலின் நெடியையும் காய்ந்த புல்லின் நெடியையும் எதிர்பார்த்துக் குனிந்தேன். பக்கப் பையில் அந்தச் சின்னக் குப்பி மூடி சரியாகத் திருகப்படாமல் சாய்ந்து கிடந்தது. எண்ணெய் முழுவதும் பையின் துணியில் ஊறியிருந்தது. அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து ஊர் ஒடாஹுஹுவிலிருந்து ஒரு பெண் பதினோரு மணிக்கு வந்து பையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். புதிதாக ஒரு பெண்கள் அணி சேர்க்கிறாளாம். பழைய பேட், ஹெல்மெட் எது கிடைத்தாலும் போதும் என்றாள். நம் அணிதான் இல்லையே, கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொடுப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததுதான் தப்பு. அடியில் ஸ்கோர் புத்தகமும், பேட்டிங் வரிசை எழுதும் கார்பன் தாள் கட்டும் இருந்தன. இரண்டிலும் என் கையெழுத்து.

லிஸ்ட் போடுவது என்றால் எனக்குச் சாப்பாடு கூட வேண்டாம் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். உண்மைதான். விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் அந்தக் கிச்சனில் எனக்கு ரோஸ்டர் போடும் வேலை. யார் காலையில் வருவது, யார் தட்டு அடுக்குவது, யார் பாத்திரம் கழுவும் பக்கம் போவது, எல்லாம் என் பேனாவில்தான் இருந்தது. நீங்கள் தட்டு அடுக்கும் வரிசையில் நின்றீர்கள். ஒரு மத்தியானம் கார் நிறுத்தும் இடத்தில், நம்மோடு வேலை செய்த சமோவாக்காரி சினா விளையாட்டாக ஒரு காய்ந்த பன்னை உங்கள் பக்கம் எறிந்தாள். நீங்கள் சுவரில் சாய்ந்திருந்த துடைப்பக் கட்டையை எடுத்து ஒரு வீசு வீசினீர்கள். பன் வேலியைத் தாண்டிப் போய் யாருடைய கார் மேலேயோ விழுந்தது. சினா, பாவம், வாயைத் திறந்தபடியே நின்றாள்.

"எங்க கத்துக்கிட்டீங்கக்கா?" என்று கேட்டேன்.

"கத்துக்கிறதோ? மன்னாரிலை பள்ளிக்கூடத்திலை எல்லே அடிச்சனான், பிள்ளை. மூங்கில் தடி. இது என்ன பெரிய வேலை?"

எல்லே என்ற விளையாட்டை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். நான் கிள்ளானில் பள்ளி அணிக்கு சாஃப்ட்பால் ஆடியவள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், பந்தை அடித்துவிட்டு பேஸ் என்ற நாலு முனையையும் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே, சாஃப்ட்பால் பேச்சில் 'வீட்டுக்கே', வருவது. அந்த மாதமே அணி சேர்த்தேன். சமோவாக்காரிகள், தோங்காக்காரிகள், பஞ்சாபிகள், நாம் இருவர், மொத்தம் ஒன்பது பேர். பத்தாவது ஆள் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பது பேருக்கும் வேலை இல்லாதபடி நானே ரோஸ்டரை வளைத்தேன். மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பார்.

பேட்டிங் வரிசையையும் நான்தான் எழுதினேன். வேறு யார் எழுதுவது? முதல் இரண்டு பேர் எப்படியாவது பேஸுக்குப் போய்விட வேண்டும். மூன்றாவது ஆள் அவர்களை இன்னும் முன்னே தள்ள வேண்டும். நாலாவது ஆள் ஓங்கி அடித்து எல்லாரையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். என் பள்ளியில் அப்படித்தான். நல்லா ஆடுகிறவளுக்கு மூன்றாவது இடம் என்று சொல்லி அதில் என் பெயரை எழுதிக்கொண்டேன். உங்களுக்கு நாலாவது இடம் கொடுத்து விளக்கியபோது நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

"ஆக்களை வீட்டை கூட்டிக்கொண்டு வாற வேலையோ? ஓம், அது தா எனக்கு. வீடு வந்து சேராத ஆக்கள் எங்கடை பக்கம் கனபேர். இஞ்சையாவது நான் கொண்டு வாறன்."

காணாமல் போன உங்கள் தம்பியைத்தான் சொன்னீர்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் கார்பன் தாளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் வருடம் நன்றாகப் போனது. சினா முதலில் அடித்துவிட்டு ஓடுவாள், நான் தள்ளுவேன், நீங்கள் கொண்டுவருவீர்கள். ஒவ்வொருத்தியும் எத்தனை பேரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்று ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில் கோடு கோடாகப் போடுவேன். உங்கள் பெயருக்கு நேரே கோடுகள் நிரம்பி வழிந்தன. நீங்கள் அதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்தால் எல்லாருக்கும் ஆரஞ்சு வெட்டிக் கொடுத்துவிட்டு, மகனிடம் தமிழில் ஏதோ கேட்பீர்கள், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான், காரில் ஏறிப் போய்விடுவீர்கள்.

இரண்டாவது வருடம் உங்கள் கோடுகள் நின்றுபோயின. ஒரு சனிக்கிழமை ஒரு கோடும் இல்லை, அடுத்ததும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததையும், பெஞ்சில் உட்கார்ந்து அந்த எண்ணெயைத் தேய்த்ததையும் பார்த்தேன். தட்டு தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துவிட்டது என்றீர்கள். வயசாகிறது, அடி குறைந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். என்னைவிட ஆறு வயதுதானே கூட உங்களுக்கு?

வரிசையை மாற்றிய அன்றைக்கு உங்களிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மனுகாவ் பக்கத்து மைதானம். நீங்கள் காரிலிருந்து ஆரஞ்சுப் பையை இறக்கிக்கொண்டிருந்தீர்கள். "அக்கா, இன்னைக்கு நீங்க ஒம்பதாவது. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க லா" என்றேன். ரெஸ்ட்! என்ன ஒரு கரிசனம் எனக்கு!

பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "உக்காந்தாத்தான் நோகுது, பிள்ளை. நிண்டா நோகாது."

"ஒரு ரெண்டு வாரம்தான் கா. ரன்னே வரலையே, நான் என்ன செய்ய?"

"ஆளில்லாத பேஸிலை நான் ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். நான் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன். "சரி, நீ எழுதினா சரி" என்று ஆரஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனீர்கள். சினாதான் வந்து, கடைசியில் போட்டால் அவளுக்கு முறை குறைவாக வருமே, ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டாள். அவள் வாயையும் அடைத்தேன்.

சினா சொன்னது சரி. நாம் ஆடியது நேரம் குறித்து முடிக்கும் ஆட்டம். ஒன்பதாவது ஆள் இரண்டு தடவை ஆடினால் அதிகம். சில நாள் ஒரு தடவையோடு சரி. நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் நோகும் இடுப்போடு, உட்கார்ந்து உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தீர்கள். கடைசியாக வந்த அன்று எட்டாவது ஆள் பேஸுக்குப் போய்விட்டாள். நீங்கள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பேட்டை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு அருகில் போய் நின்றுவிட்டீர்கள். கூட்டிக்கொண்டு வர ஒரு ஆள் நின்றாள். அந்த நேரத்தில் அம்பயர் நேரம் முடிந்தது என்று கையை உயர்த்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி முடியை ஒதுக்கிவிட்டு, "பரவாயில்லை, அடுத்த கிழமை" என்றீர்கள்.

அடுத்த வாரம் நீங்கள் வரவில்லை. உங்கள் மகன் போனில் ஆஸ்பத்திரி வார்டின் பெயரைச் சொன்னான். அது இடுப்புப் பிடிப்பே இல்லை என்றும், பல மாதமாகவே உள்ளே பரவிக்கொண்டிருந்தது என்றும் இங்கிலீஷில் சொன்னான். சொல்லும்போது குரல் உடையவில்லை. என் குரல்தான் உடைந்தது.

வார்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தீர்கள். பாதி ஆளாகியிருந்தீர்கள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இண்டைக்கு ஒன்பதாவது ஆர்?"

"யாரும் இல்லக்கா. எட்டுப் பேர்தான் ஆடுனோம்."

"அப்ப என்ர முறை வந்தா?"

"உங்கள தாண்டிட்டு மொத ஆளுக்குப் போயிடுவாங்க" என்றேன்.

"அது நல்லது. ஒருத்தருக்கும் பாரமில்லை" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

பொய் அக்கா. யாரும் தாண்டிப் போவதில்லை. ஒரு ஆள் குறைந்தால் ஆட விடுவார்கள். ஆனால் வராதவளின் முறை வரும்போதெல்லாம் அதை அவுட் என்று வைப்பார்கள், அதுதான் சட்டம். நீங்கள் படுக்கையில் இருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டாவது ஆள் ஆடி முடித்ததும், அம்பயர் ஆளில்லாத இடத்தைப் பார்த்து அவுட் என்று கையை உயர்த்துவார். ஒரு தடவை எதிர் அணியிலிருந்து யாரோ ஒருத்தி கைதட்டிவிட்டு, பிறகு விஷயம் தெரிந்து நிறுத்திக்கொண்டாள். நீங்கள் ஒரு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தீர்கள். அந்தச் சனிக்கிழமையும் ஆடினோம். எதற்கு ஆடினோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கும் உங்கள் முறை வந்தது.

இத்தனையும் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று இன்று காலை அந்த வாளி மேல் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. ஓரத்துக் கோடுகளை விட்டுவிட்டு, இரண்டாவது வருடத்தின் ஆட்டங்களை ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். நீங்கள் அடித்த பந்துகள் குறையவே இல்லை. நாலாவதாக நின்றபோது எப்படி அடித்தீர்களோ, அந்த வலியோடு ஒன்பதாவதாக நின்றபோதும் அப்படித்தான் அடித்திருக்கிறீர்கள். அந்த நாலாவது இடத்தில் உங்களுக்குக் கூட்டிக்கொண்டு வரத்தான் பேஸில் யாரும் இல்லை. ஏன் இல்லை என்று மேல் வரியைப் பார்த்தேன். மூன்றாவது வரி. என் பெயர்.

பக்கத்துக்குப் பக்கம் அவுட். அந்த வருடம் எனக்குப் பந்து பாதி வழியில் மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கண்ணாடி போட மனசு வரவில்லை, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டேன். பந்தைத் தரையோடு உருட்டுவேன், முன்னால் நின்ற சினாவும் என்னோடு சேர்ந்து அவுட் ஆவாள். துடைத்துவிட்ட மைதானத்துக்கு நீங்கள் வருவீர்கள். ஒவ்வொரு தடவையும் உங்களுக்குப் பக்கத்தில்தான் நான் திரும்பி நடந்தேன். ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆரஞ்சுப் பைக்குப் பக்கத்தில் நின்று கேட்டதே அதுதான். என் பெயரைச் சொல்லாமல் கேட்டீர்கள். நான்தான் உங்களுக்கு வயசாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன்.

இப்போது தெரிந்து என்ன? உங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோடைகாலம். அதில் எத்தனை முறைகளை நான் பிடுங்கினேன் என்று எண்ணப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். பேட்டுகளைத் தடவிப் பார்த்தாள், ஹெல்மெட்டைத் தலையில் வைத்துப் பார்த்தாள், பையை முகர்ந்து சிரித்தாள். எங்களுக்கு ஒரு ஆள் குறைகிறது, வருகிறாயா, நீ எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டாள். நான் ஆடுவதில்லை என்றேன். என் கையில் இருந்த ஸ்கோர் புத்தகத்தைக் காட்டி அதையும் தருவாயா என்றாள். பக்கங்கள் தீர்ந்துவிட்டன என்று சொன்னேன். அதுவும் பொய்தான், பாதிப் புத்தகம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அவள் கார் தெரு முனையில் திரும்பியதும் கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தேன். ஒன்பதாவது வரியில் உங்கள் பெயர். நேரே கட்டத்துக்குக் கட்டம் அவுட், அவுட், அவுட். நீங்கள் மைதானத்துக்கே வராத நாட்களில் நான் என் கையால் போட்டவை. பென்சில்தான், அழித்துவிடலாம் என்று ரப்பரை எடுத்தேன். அழித்துவிட்டு அங்கே என்ன எழுதுவது? வர முடியாமல் போனவளுக்கு என்று தனியாக ஒரு குறி அந்த ஆட்டத்தில் கிடையாது.

அப்படியே வைத்திருக்கிறேன், அக்கா. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தாளெல்லாம் உங்கள் எண்ணெய்தான் மணக்கிறது.