வெளுத்துப்போன தாலி

மாமா,

தாலியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, புதுச் சரடு வாங்கும்வரை மருந்து டப்பாவில் வைத்திருந்தேன். காலையில் திறந்தால் தங்கம் வெள்ளி மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். நீயோ சண்டை போட்டுவிட்டுக் கடலுக்குப் போயிருக்கிறாய். உன் போனுக்கும் லைன் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு நர்ஸ் காயத்ரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “யக்கா, டப்பாவுல தெர்மாமீட்டர் ஒடஞ்சி கீது. பாதரசம் பட்டா தங்கம் இப்டித்தான் ஆவும். அண்ணாத்தைக்கு ஒண்ணும் ஆவல” என்றாள்.

புரிகிறது. ஆனாலும் வீட்டில் உட்கார முடியவில்லை. கோட்டைப் பக்கம் கரையில் போய் நிற்கிறேன். குழம்பு சட்டியில் இருக்கிறது.

பவானி

டப்பாவைத் தொடாதே. தாலியை நெருப்பில் காட்டிவிடாதே, அந்தப் புகை விஷமாம்.

நீ முதலில் வீட்டுக்கு வந்தால், கைகால் கழுவுவதற்கு முன்பே போன் பண்ணு. உன் குரல் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.