சிவக்கக் காய்ச்சிய சுருள்

வைகாசி 9, சனி

வெயில். காற்று இல்லை. சோழகக் காற்று இன்னும் பிறக்கவில்லை.

என் சுருளைக் கெடுத்துவிட்டார்கள், என்னிடம் ஒரு சொல் கேட்காமல். விதைவெங்காயக் கொட்டிலின் கூரைமூடியைத் திறக்கும் சுருள். சங்கச் செயலாளர் கழற்றி, நுனியில் கொளுக்கி போட வெல்டிங் கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே நீட்டிப் பிடித்து முழுவதையும் சிவக்கக் காய்ச்சினார்களாம். திரும்பவும் மாட்டியாயிற்று. வெல்டிங் கடைக்காரனைக் கேட்டேன்.

"இரும்பைக் காய்ச்சாமல் எப்பிடி அண்ணை வளைக்கிறது?"

"உது இரும்பில்லைத் தம்பி. நிக்கலும் டைட்டேனியமும்."

"ஓம், ஓம். வடிவாத்தான் இருக்கு."

மகள் கனடாவிலிருந்து அனுப்பிய கம்பி. இரண்டு வருடம் நானே படித்துச் செய்தது. நாற்பது பாகைக்கு மேல் உள்ளே அணுக்களின் அடுக்கு மாறும். உருகாது, அடுக்கு மட்டும். சுருள் சுருங்கி மூடியை இழுத்துத் திறக்கும். ஆறினால் பழைய அடுக்கு. தளரும், மூடி தன் பாரத்தில் விழும். நீட்டிப் பிடித்துச் சிவக்கக் காய்ச்சினால் அந்த நீட்டமே அதன் வடிவமாகிவிடும். பிறகு எந்த வெக்கைக்கும் சுருங்காது.

பகல் ஒரு மணி. மூடி திறக்கவில்லை. உள்ளே பதினாலு குடும்பத்தின் விதை. கதவில் பூட்டு, பூட்டின் திறப்பு செயலாளரிடம்.

வைகாசி 10, ஞாயிறு

வெல்டிங் கடையில், காய்ச்சிய சுருளிலிருந்து வெட்டிப்போட்ட துண்டு கிடைத்தது. சுடுநீரில் போட்டேன். அசையவில்லை. என்னிடமிருந்த, கடைக்குப் போகாத சுருள்துண்டை நீட்டிப் போட்டேன், உடனே சுருண்டது.

செயலாளர் பருத்தித்துறையில், கலியாண வீடு. புதன் வரை. தொலைபேசியில்:

"நான் ஏன் வரவேணும்? ஆளே தேவையில்லை, சுருள் பாக்கும் எண்டு கூட்டத்திலை நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். காய்ச்சுவதற்கு முன்.

வெப்பமானியை நூலில் கட்டிக் கதவிடுக்கால் விட்டேன். 44. ஏதோ மணம். அழுகலா, வெறும் வெங்காயமா? இருமல் மருந்து முடிந்தது.

வைகாசி 11, திங்கள்

பத்து மணிக்கே 45. ஏணி எடுத்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பரமேஸ் பிடித்தாள். அவளுடைய விதையும் உள்ளேதான்.

"விழுந்தா உங்களைத் தூக்க நாலு பேர் வேணும் அண்ணை. வெங்காயமெண்டா நானே தூக்குவன்."

தகரம் சுட்டது. மூடியைத் தூக்கியதும் முகத்தில் வெக்கை. அழுகல்தான். இறங்கி, அலவாங்கால் பூட்டை உடைத்தேன்.

"செயலாளர் கேட்டா?"

"என்ரை பேரைச் சொல்லு."

கூரையோடு கட்டிய மேல்வரிசை முழுவதும் கூழ். தாளோடு சேர்த்துக் கட்டிய பரமேசின் வெங்காயப் பிடிகள். அவள் குனிந்து அடுத்த வரிசையை அமத்திப் பார்த்தாள். கீழ்வரிசைகள் இன்னும் இறுக்கம், ஆனால் வேர்த்திருக்கின்றன.

செய்யவேண்டியவை:

வீட்டுக்கு ஒருவர்: இன்றே வந்து பிடிகளைப் பிரிக்க, மெத்தென்றதை எறிய, மிச்சத்தை நிழலில் பரப்ப.

நான்: மகள் அனுப்பியதில் மிச்சக் கம்பியை ஆணியில் இறுகச் சுற்றி, நகைசெய்பவரின் உலையில் ஐந்நூறு பாகை, உடனே தண்ணீரில். வேறு யாரும் தொடக்கூடாது. அதுவரை மூடியைத் திறப்பதும் சாத்துவதும் நானே.

சங்கம்: புதுப் பூட்டு. திறப்பு இரண்டு. ஒன்று என்னிடம்.

செயலாளர்: பரமேசுக்கு விதை, தன் பங்கிலிருந்து. நான் நின்று பார்க்கவேண்டும். கொடுக்காவிட்டால் என் பங்கிலிருந்து நான் கொடுப்பேன். அது அவருக்குத் தெரியக்கூடாது.