ஜனவரி ஒன்றாம் தேதிப் பெட்டி

டேய்,

இன்று காலை உன் கம்ப்யூட்டர் பெட்டியைப் போட்டேன். விசிறி இருமியது, இன்னும் கொஞ்சம் இருமியது, அப்புறம்தான் படம் வந்தது. மூலையில் தேதி ஜனவரி ஒன்று. வருஷம், நீ டவுசர் இல்லாமல் நடை பழகிய வருஷம். வெளியே நம்ம பேத்துப்பாறையில் ஜூன் மாதச் சாரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தும் என்னிடம் வேலை வாங்குகிறாயே, உனக்கு வெட்கமே கிடையாதா?

ஏதோ ரிசார்ட்டில் கழித்துப்போட்ட பெட்டி அது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "கைக்குழந்தைண்ணே, அரை டிக்கெட்டுகூட கெடையாது" என்று அதைத் தட்டிக் கொடுத்தாய். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கியதால், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டாய். எல்லாம் ஓடியது, கடிகாரத்தைத் தவிர. கரண்ட் இல்லாதபோது நேரத்தை ஞாபகம் வைத்திருக்க உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். அது செத்துப்போயிருந்தது. அணைத்துப் போட்டால் பெட்டி நேராக அந்தப் பழைய ஜனவரிக்கு ஓடிவிடும்.

நெட்டைப் பார்த்துத் தானே நேரம் திருத்தும் வசதியையும் நீ வைக்கவில்லை. பெட்டிக்கு அது பாரமாம். ஒவ்வொரு தடவையும் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, தேதியையும் மணியையும் கையால் அடிப்பாய். மணியை எதைப் பார்த்து? முதல் பஸ்ஸின் ஹாரனைக் கேட்டு! பஸ் பஞ்சரானால் உன் ஊரில் பொழுதே விடியாது.

"வத்தலக்குண்டுல பேட்டரி கெடைக்கும்டா, வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"எதுக்குலே? அதான் நான் இருக்கேன்ல."

இருந்து கிழித்தாய்.

லீவில் சும்மா இருக்க முடியாமல் பீன்ஸ் மூட்டை ஏற்றிய ஜீப்பில் சந்தைக்குப் போனாய். மூட்டைக்கு மேலே உட்கார்ந்து போனாய். மூடுபனி, வளைவு, பிடிக்காத பிரேக். பிரேக் சரியில்லை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒருத்தர் விடாமல் சொன்னது, "அவன் நேரம் அம்புட்டுத்தான்." நேரத்தை எவ்வளவு சுலபமாக மாற்றலாம் என்று தெரிந்த என்னிடம் போய் இதைச் சொன்னார்கள். ஜீப்காரர் வண்டிக்குப் புது பெயிண்ட் அடித்துவிட்டார். பிரேக்கை யாரும் கேட்கவில்லை.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன்.

உன் தங்கச்சி நர்சிங் படிக்க விண்ணப்பம் போட வேண்டும். இன்று சாயங்காலத்தோடு கடைசி. தவறினால் உங்கள் மாமா திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப் போகத் தயாராக இருக்கிறார். வீட்டில் இருப்பது பட்டன் போன், அதனால் உன் பெட்டியில் நெட் டாங்கிளைச் சொருகி ஒரு வாரமாகப் பார்த்திருக்கிறாள். பக்கம் திறக்கவில்லை. மழைக்கு நெட் போய்விட்டது, வரும் என்று காத்திருந்தாளாம். மலையில் எது நின்றாலும் மழைமேல் பழி போட்டுவிட்டுக் காத்திருக்கத்தானே பழகியிருக்கிறோம்.

"அண்ணே, வெரசா வாங்க. இது 'பாதுகாப்பில்ல, பாதுகாப்பில்ல'ன்னு ஒரே பாட்டா பாடுது" என்று காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

நெட் நன்றாகத்தான் இருந்தது. பெட்டி தன்னைப் பழைய வருஷத்தில் நினைத்துக்கொண்டிருந்தால், இந்த வருஷத் தேதி போட்ட இணையதளச் சான்றிதழ் எதையும் அது நம்பாது. அவ்வளவுதான் விஷயம். கறுப்புத் திரையைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது.

"என்னண்ணே பாஸ்வேர்டு?"

"விடு."

"சொல்லுங்கண்ணே, நானும் கத்துக்கணும்ல."

"குரங்குக்குல்லா."

நான் வருஷம் பூராவும் மாட்டித் திரியும் குல்லாய்க்கு நீ வைத்த மரியாதை. கதவோரம் நின்ற உங்கம்மா சிரித்துவிட்டார். அந்த வீட்டில் நான் கேட்டுப் பல நாளான சிரிப்பு. அது பாதியிலேயே நின்றுபோனது.

தேதியை அடித்தேன். பக்கம் திறந்தது. அவள் நிரப்பினாள், மதியத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. உன்னைப் போல் குதிக்கவில்லை, முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"ஹால் டிக்கெட்டு, கவுன்சிலிங்னு இன்னும் கெடக்குண்ணே. மறுபடி நின்னுச்சுன்னா நான் எங்க போவேன்? பேட்டரியப் போட்டுருங்க."

என் சட்டைப்பையில் புது பேட்டரி இருந்தது. நீ இருக்கும்போதே வாங்கியது.

"வேணாம்யா" என்றார் உங்கம்மா.

"ஏன் பெரியம்மா?"

"தெனம் போட்டுப் பாக்குறேன்யா. அந்த வருசத்துலதான் அவன் இந்த வாசப்படியப் பிடிச்சு நின்னான். அது ஒண்ணுலயாச்சும் அவன் சின்னப்பிள்ளையா இருந்துட்டுப் போகட்டுமே."

உன் தங்கச்சி திரையில் இருந்த விண்ணப்ப எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்தார் உங்கம்மா. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"போட்டுரு. நான் உள்ள போயிருறேன். என் கண்ணு முன்னாடி வேணாம்."

போட்டேன். இன்றைய தேதியை எழுதினேன், திரையில் ஓடும் கடிகாரத்தில் ஒரு தடவை, உள்ளே சர்க்யூட் பலகையில் ஓடும் கடிகாரத்தில் இன்னொரு தடவை. பெட்டியை அணைத்தேன், மறுபடி போட்டேன். தேதி நகரவில்லை. நீ இல்லாத இந்த வருஷத்தை அதற்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், என் கையாலேயே. அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. காபி குடித்துவிட்டுப் போகச் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை.

கழற்றிய பேட்டரியைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. உங்கம்மாவிடம் கொடுக்கவும் தைரியம் வரவில்லை. என்னிடமே இருக்கிறது. உன் பெட்டி இனி சரியாக ஓடும்டா. தேதி வைக்க அந்த வீட்டுக்கு நீயும் வேண்டாம், நானும் வேண்டாம்.