துறைமுகக் குடும்பங்களை வெளியேற்றும் ஆணை குறித்து

தங்கள் குடை நிமிர்ந்திருக்க. தங்கள் உறக்கம் நிறைந்திருக்க. நெடுங்கரை நாட்டின் காவலரும் வடவெல்லைப் பாசறையில் வீற்றிருப்பவருமாகிய மன்னர் செழுங்கோடர் திருமுன்னுக்கு, அவர் திரும்பும் வரை அரச இலச்சினையைத் தாங்கும் தங்கை அல்லிக்கோதை, புன்னைத்துறை அரண்மனையிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. இங்கு அனைவரும் நலம். நெல் விலை மட்டும் நலமாக இல்லை.

தாங்கள் அனுப்பிய ஆணை வந்து சேர்ந்தது. மழை பொய்த்த கருங்காட்டிலிருந்து வந்து, நம் துறைமுகத்தில் சுமை தூக்கும் முந்நூறு குடும்பங்களும் வரும் அமாவாசைக்குள் நகரை விட்டு நீங்க வேண்டும் என்பது அதன் பொருள். மூன்று முறை படித்தேன். உறங்காத நாட்களில் தங்கள் வரிகள் கீழே சரியும். இதில் கடைசி வரி ஓலையின் விளிம்பையே தொட்டுவிட்டது. மன்னர் காலையில் உண்கிறாரா என்று ஓலை கொணர்ந்த வீரரிடம் கேட்டேன். ஐந்து நாளாக மோர் மட்டும் அருந்துகிறார், விடியல் முதல் முறையீடுகளையே வாசிக்கிறார் என்றார்.

நெல் விலை ஏறியதற்கும் கூலி குறைந்ததற்கும் இவர்களே காரணம் என்கிறது ஆணை. நெல் விலை ஏறியது ஆனியில். இவர்கள் வந்தது ஆவணியில். பின்னால் வந்தவர்கள் முன்னால் நடந்ததற்குக் காரணமாக இயலாது. ஆனால் இவர்கள் வந்த பின் கூலி குறைந்தது உண்மை. அதை மறைக்க மாட்டேன்.

எவருக்கு எதிராக ஆணை எழுதினாலும், அவர்கள் தரப்பை அவர்கள் முன்னிலையில் நாமே எடுத்துரைக்க வேண்டும். ஆம், எங்கள் சொல் இதுவே என்று அவர்கள் ஒப்பிய பிறகே இலச்சினை. முடிசூடிய ஆண்டில் தாங்களே ஏற்படுத்திய வழக்கம் இது. பாசறையில் அதற்கு வழியில்லாததால் தங்களுக்காக நான் துறைமுகத்துக்குச் சென்றேன். கூட்டத்தின் முன் பேச எனக்கு எவ்வளவு அச்சம் என்பது அண்ணனுக்குத் தெரியும்.

வறட்சியையும் பசியையும் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். வெள்ளாயி என்னும் சுமை தூக்கும் பெண் சிரித்துவிட்டார். எங்களைவிட அம்மணி நன்றாக அழுகிறீர்கள், ஆனால் நாங்கள் கேட்பதை விட்டுவிட்டீர்களே என்றார். பண்டகசாலைக்காரர்கள் அவர்களுக்குப் பாதிக் கூலியே தருகிறார்களாம். எல்லோருக்கும் ஒரே கூலி என்று முரசறையுங்கள். பிறகு எவரும் எங்களை வேலைக்கு அழைக்காவிட்டால் நாங்களே போய்விடுகிறோம் என்றார்.

இவர்களுக்கு எதிராக முறையிட்ட நம் ஊர்ச் சுமையாட்களின் தலைவர் மாசிலானிடமும் அவர் தரப்பைச் சொன்னேன். அவரும் திருத்தினார். எங்கள் கோபமெல்லாம் பண்டகசாலைக்காரர் மேல்தான், அவர் மாடியில் இருக்கிறார், இவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லித் தலை குனிந்தார். ஒரே கூலிக்கு இசைந்தார்.

ஆகவே ஒரே கூலி என்று நேற்று முரசறைவித்தேன். வெளியேற்றும் ஆணைக்கு இலச்சினை இடவில்லை. அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓர் இரவு முழுதும் உறங்குங்கள். காலையில் வயிறார உண்ணுங்கள். கையில் ஓலை ஏதுமின்றி ஒரு நாழிகை நடந்துவிட்டு வந்து, பகல் வெளிச்சத்தில் அதைப் படியுங்கள். அப்போதும் அதுவே தங்கள் சொல் என்றால் மீண்டும் எழுதி அனுப்புங்கள். வெள்ளாயியின் முன் நின்று நானே அதை வாசிப்பேன்.

அண்ணனுக்கு ஆணையிடத் தங்கைக்கு உரிமையில்லை. இலச்சினை தாங்குபவளுக்கு உண்டு. அவ்வுரிமையால் விதிக்கிறேன்: இவ்வோலை கண்டதும் மன்னர் உண்டு உறங்குக.

இதற்கு இலச்சினை இட்டேன்.