சூடம் அணைச்ச சத்தியம்

சேரா, போன்ல பேசாம காயிதத்துல எழுதறேன், சின்னம்மாவுக்கு என்னாச்சோன்னு பதறிக்காத. மொதல்ல நீ சொல்லு, ஒடம்பு நல்லா இருக்கா, மருமவளும் கொழந்தைங்களும் சொகமா, மஸ்கட்டுல அனலா கொளுத்துதுன்னு டீவியில காட்றான், வாரத்துக்கு ஒரு வாட்டியாவது தலைக்கு எண்ணெ வெச்சிக் குளிக்கிறியா. இங்க வக்ரகாளி ஆத்தா புண்ணியத்துல மூச்சு உட்டுக்கினு இருக்கோம், அதுக்கு மேல நல்லா இருக்கோம்னு எழுத கை வரல. உங்க சித்தப்பாவுக்கு முட்டி வீங்கிக் கெடக்கு. நான் மல்லாட்டை ஆயப் போயி குந்துனா எழுந்திரிக்க முடியல. அத விடு. போன் பண்ணலாம்னா அது உன் தம்பி தேவாவோட போனு, நம்பர் போட்டு குடுத்துட்டு பக்கத்துலயே குந்திக்குவான், அவன பத்தி அவன் எதிர்லயே நான் எப்பிடி பேசறது. அதான் பக்கத்துத் தெரு ஷாலினி வீட்டுக்காரரு லீவு முடிஞ்சி அங்க வர்றாரு, அவர்கிட்ட இத ஒட்டிக் குடுத்து உடுறேன். கூட மல்லாட்டை உருண்டை, அதான் மருமவ வேர்க்கடலைன்னுவாளே, வெச்சிருக்கேன், மருமவ சக்கரை சக்கரைன்னு பயப்படுவா, ஒன்னாவது வாயில போடச் சொல்லு.

எங்க அக்கா கண்ண மூடனப்ப உனக்கு ஏழு வயசு. அன்னையிலருந்து நீதான் எனக்கு மூத்த புள்ள, தேவா அதுக்கப்பறம்தான். அந்த உரிமையில கேக்கறேன், பொங்கலுக்கு வந்தியே, விளையாட்டு விழாவுல பேனர் கட்டி, மாலை போட்டு, மைக்க குடுத்தாங்களே, அதுல நீ என்னா பேசனன்னு ஞாபகம் இருக்கா. பத்தாவதுல மூணு வாட்டி பெயிலுன்ன, ஜனம் சிரிச்சிது. முப்பத்தெட்டு வயசு வரைக்கும் சும்மா சுத்தினேன், நேரம் வந்திச்சி, இன்னைக்கு மஸ்கட்டுல ரெண்டு ஹோட்டலுக்கு ஓனருன்ன, பசங்க விசில் அடிச்சாங்க. உன்ன தறுதலைன்னு பேசன வாயெல்லாம் மூடிக்கிச்சின்னு எனக்கும் நெஞ்சு குளுந்துதான் போச்சி, இல்லன்னு சொல்லல. ஆனா அத தேவா போன்ல புடிச்சி வெச்சிருக்கான் சேரா. காலையில எழுந்தா அதத்தான் போடறான். பல்லு வெளக்கறப்ப போடறான், பாயில படுத்துக்கினே போடறான். சும்மா சுத்தினேன், சும்மா சுத்தினேன்னு உன் கொரலு வீடெல்லாம் கேக்குது.

அவன் படிச்ச படிப்புல பாதி பேப்பரு பாஸாவாம நிக்குது. எழுதித் தொலைடான்னா நேரம் வரும்மாங்கறான். விழுப்புரத்துல உன் மாமன் பூமாலை ஏசி ரிப்பேர் கடை வெச்சிருக்கான் இல்ல, என் தம்பின்னு பாக்காம சொல்றேன், தங்கமான மனுசன், அக்கா அவன என்கிட்ட அனுப்பு, வெயில் காலம், வேலை தலைக்கு மேல கெடக்கு, ரெண்டு வருஷத்துல கைத்தொழில் கத்துக்குவான்னு அவனே கேட்டான். சித்திரை பொறக்கறதுக்குள்ள வரலன்னா வேற பையன வெச்சிக்குவேன்னும் சொல்லிட்டான், அவன் பொழப்ப அவன் பாக்க வேணாமா. தேவா என்னா சொல்றான் தெரியுமா. சேரன் அண்ணன் எவன் ஏணியாவது புடிச்சாரா, எவனுக்காவது ஸ்பேனர் எடுத்துக் குடுத்தாராங்கறான். உங்க சித்தப்பா சோத்துத் தட்ட தூக்கி வாசல்ல எறிஞ்சிட்டாரு. அன்னையிலருந்து அப்பனும் புள்ளையும் ஒரே கூரைக்குள்ள ரெண்டு ஊரு மாதிரி இருக்காங்க.

பங்குனி பௌர்ணமிக்கு அவன இஸ்துக்கினு திருவக்கரை வக்ரகாளி கோயிலுக்கு போனேன். ஜோதி பாக்க ஒரே கூட்டம். நான் எலுமிச்சம்பழத்த கையில வெச்சிக்கினு அழுதுக்கினே வேண்டறேன், இவன் என் தோள தட்டி ஏம்மா பேஜாரு பண்ற, சேரன் அண்ணனுக்கு முப்பத்தெட்டு, எனக்கு இருவத்தி நாலு, இன்னும் பதினாலு வருஷம் டைம் இருக்குன்னு சொல்றான். பக்கத்துல நின்ன பொம்பளைங்க சிரிச்சிட்டாங்க. எனக்கு சிரிப்பு வரல சேரா. பதினாலு வருஷம் வனவாசம் போனவங்கூட நடந்துதான் போனான், படுத்துக் கெடக்கல.

அவன் திமிருலதான் இப்பிடி பேசறான்னு நானும் நெனச்சேன். அப்பறம்தான் பூமாலை சொன்னான், ஒரு நாளு இவனே பஸ் ஏறி விழுப்புரம் போயிருக்கான். கடைக்கு எதிர்ல ஜூஸ் கடையாண்ட நின்னுக்கினு ரொம்ப நேரம் பாத்திருக்கான். கடைப் பையன் ஏசி பொட்டிய தலையில வெச்சிக்கினு படி ஏறிக்கினு இருந்தானாம். இவன் கூட படிச்ச பொண்ணு ஒன்னு அந்தப் பக்கமா வந்ததும் மூஞ்ச திருப்பிக்கினு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டான். பூமாலை கூப்பிடலாம்னு வர்றதுக்குள்ள ஆளக் காணோம். அது திமிரு இல்ல சேரா, வெக்கம். அந்த வெக்கம் எனக்கு புதுசு இல்ல, உன்கிட்ட பாத்ததுதான்.

நீ சும்மா சுத்துனியாடா. நான் கோட்டக்குப்பத்துக்கு கல்யாணத் துணி எடுக்க போனப்ப அங்க ஒரு மண்டபத்துப் பின்னால ஒரு ஆள் உயர பிரியாணி ஆக்கற தேக்சா அண்டா படுத்திருக்கு, அதுக்குள்ளருந்து ஒரு முதுகு மட்டும் தெரியுது, கரி தேய்ச்சிக்கினு. முதுகு மச்சத்த வெச்சி எம்புள்ளன்னு கண்டுபுடிச்சேன். பிரியாணி ஆக்கற மஸ்தான் பாய்கிட்ட பத்து வருஷத்துக்கு மேல தேக்சா கழுவி, வெங்காயம் உரிச்சி, அடுப்பு தள்ளி, அப்பறம்தான் கரண்டி உன் கைக்கு வந்திச்சி. அன்னைக்கு நீ பதறிப்போயி, ஊருக்கு தெரிஞ்சா எச்சி தட்டு கழுவறவன்னு சொல்லுவாங்க, எவனும் பொண்ணு தரமாட்டான் சின்னம்மான்னு அழுத. தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்கு இட்டுக்கினு போயி சூடத்த ஏத்தி, யாருக்கும் சொல்லமாட்டேன்னு என்ன அணைக்க வெச்ச. அணைச்சேன். கையில சுட்டது ஆறிப்போச்சி, சத்தியம் ஆறல. உன் கையில வெந்நீ கொட்டி மஸ்தான் பாயே உன்ன ஊட்டுக்கு கூட்டியாந்தப்ப, எங்க கம்பெனி மேனேஜருன்னு தெருவுல சொன்ன. அந்த மனுசன் ஒரு பார்வ பாத்துட்டு ஆமாம்மான்னாரு, நான் குடுத்த கேப்பைக் கூழ குடிச்சிட்டு போனாரு. மருமவளுக்கு கூட இன்னைக்கு வரைக்கும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தேவாவுக்கு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வருது, ஆத்தா முன்னாடி அணைச்ச சூடம் கண்ணுல நிக்குது, முழுங்கிக்கறேன். சத்தியத்த மீறி என் புள்ளைய கரையேத்தி, அந்தப் பாவம் அவன் தலையிலயே விடிஞ்சா நான் எங்க போவேன்.

அதனால நீதான் சொல்லணும். அவனுக்கு புத்தி சொல்லாத, புத்தி சொல்ல இங்க தெருவுக்கு பத்து பேரு இருக்காங்க. அந்த தேக்சாவ பத்தி மட்டும் சொல்லு. அண்ணன் கரிக்குள்ள குந்தியிருந்தான்னு தெரிஞ்சா அவனுக்கு ஏணி புடிக்கறது கேவலமா தெரியாது. உன்னால முடியல, மருமவ காதுக்கு போயிடும்னு பயமா இருக்கா, சரி, அப்ப இங்க ஷாலினி போனுக்கு அடிச்சி என்கிட்ட ஒரு வார்த்த, நீ பண்ண சத்தியத்த நான் திருப்பி எடுத்துக்கினேன்னு மட்டும் சொல்லிடு. மீதிய நான் பாத்துக்கறேன், ஆத்தாவுக்கு மாவெளக்கு போட்டு சமாதானம் பண்ணிக்கறேன். ஆனா ஜல்தியா சொல்லு, சித்திரை நமக்காக காத்துக்கினு இருக்காது. உன்ன மட்டம் தட்டறேன்னு நெனைக்காத கண்ணு. ஹோட்டல் ஓனர பத்தி ஊரு பெருமை பேசுது, எனக்கு பெருமை அந்த முதுகுதான்.

ஆத்தா உன்னையும் உன் குடும்பத்தையும் கண்ண இமை காக்கற மாதிரி காக்கட்டும். வெள்ளிக்கெழமை வெளக்கேத்தச் சொல்லு. நெருப்பாண்ட நிக்கறவன், மோர் குடி. பெரியவளுக்கு தமிழ் எழுதக் கத்துக் குடு, இந்த மாதிரி காயிதம் வந்தா படிக்கவாவது ஆளு வேணும்.

இப்படிக்கு
உன் சின்னம்மா
வேணி

ஐயோ, ஒட்டறதுக்கு முன்னாடி இப்பதான் ஒன்னு நெனப்புக்கு வருது. பொங்கல் விழாவுல கடைசி பெஞ்சில தொப்பி போட்ட பெரியவரு ஒருத்தரு குந்தியிருந்தாரு, தாடியெல்லாம் வெள்ள வெளேர்னு. தண்ணி குடுத்தேன், சேரன் பேசறானாமே, கேட்டுட்டு போலாம்னு வந்தேம்மான்னாரு. நீ பேசி முடிச்சதும் எல்லாரும் கை தட்டினாங்க, அவரும் தட்டினாரு. சாப்புட்டு போங்கன்னேன், பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு எழுந்துட்டாரு. நம்ம ஊட்டுக்கு வந்தப்ப தாடி கறுப்பு, அதான் எனக்கு அடையாளம் தெரியல சேரா, அவரு மஸ்தான் பாய்.